யார் வீட்டுப் பிள்ளை?

மதுரையில் மே மாதத்து வெயில் மனிதனை இரண்டே காரியங்களுக்குத்தான் வீட்டை விட்டு வெளியே வரச் சம்மதிக்கும். ஒன்று, அழகர் ஆற்றில் இறங்குவது. மற்றொன்று, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு. அநேகமாக அழகர் மலைக்குத் திரும்பிப் போன கொஞ்ச நாளில் முடிவு வந்துவிடும். வந்த மறுநாளிலிருந்து டீக்கடை, கோயில் பிராகாரம், கல்யாண வீட்டுப் பந்தி என்று எங்கே போனாலும் ஒரே கேள்விதான். "என்ன குரூப் எடுக்கப் போறே?"

கேட்கிறவர்களுக்கு அது பொழுதுபோக்கு. பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு வயது பதினைந்து. மேல்நிலைப் படிப்பு 1978-ல் நம் மாநிலத்துக்கு வந்ததிலிருந்து இந்தப் பதினைந்து வயதுதான் ஜீவனத்தின் நாற்சந்தியாகிவிட்டது. கணக்கும் விஞ்ஞானமும் ஒரு பக்கம், வணிகமும் கணக்குப்பதிவியலும் ஒரு பக்கம், தொழிற்கல்வி ஒரு பக்கம். பின்னால் போய் வேறு வழியில் திரும்பலாம் என்பது வாஸ்தவம். ஆனால் திரும்புவதற்குப் பணம் வேண்டும். தறிக்காரர் வீட்டிலும் சுமைதூக்குகிறவர் வீட்டிலும் அந்தப் பணம் இருப்பதில்லை. அப்பாவுக்கோ இந்தக் குரூப்புகளின் பெயர்களே பிடிபடுவதில்லை. மாமா ஒன்று சொல்வார், சித்தப்பா ஒன்று சொல்வார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவார்கள்: "சார் என்ன சொல்றாரோ அதைச் செய்யட்டும்."

ஆகவே இந்த ஊரில் பாதிப் பேருடைய ஜீவனம் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைக்கு வெளியே, தாழ்வாரத்தில் நின்றுகொண்டே தீர்மானமாகிறது என்பது என் அபிப்பிராயம். அங்கே அரை நிமிஷத்தில் விழுகிற வார்த்தை நாற்பது வருஷத்துக்குச் சோறு போடும். அல்லது நாற்பது வருஷத்துக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும்.

நான் படித்த பள்ளிக்கூடம் ஊரின் தென்புறத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். வகுப்பில் ஐம்பத்தைந்து பேர். காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது எல்லாரும் "உள்ளேன் ஐயா" என்று ஒரே தமிழில்தான் சொல்வோம். சாயங்காலம் மணி அடித்ததும் அந்த ஒரே தமிழ் நாலாகப் பிரிந்து நாலு திசையில் நடக்கும். மகாலைச் சுற்றிய தெருக்களுக்கும் பந்தடித் தெருக்களுக்கும் போகிறவர்கள் வீட்டில் சௌராஷ்டிர மொழி. காஜிமார் தெருப் பக்கம் போகிறவர்களில் சிலர் வீட்டில் உருது. சுற்றுப்புறக் கரிசல் கிராமங்களிலிருந்து வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்த நாயக்கர் வீட்டுப் பையன்களுக்குத் தெலுங்கு. மிச்சம் இருந்த எங்களுக்குத் தமிழ். அதிலும் உசிலம்பட்டிப் பையன் பேசும் தமிழ் வேறு, மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் வீட்டுத் தமிழ் வேறு. பரீட்சைத் தாளில் எழுதிய தமிழ் எங்களில் யார் வீட்டிலும் பேசாத தமிழ். அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் பரிபூரண சமத்துவம் நிலவியது.

சௌராஷ்டிரப் பையன்கள் பலருக்கு இரண்டு தலைப்பெழுத்து இருக்கும். ஒன்று அப்பாவின் பெயர். முன்னால் நிற்பது வீட்டுப் பெயர். குஜராத்துப் பக்கத்துச் சௌராஷ்டிரத்தை விட்டுக் கிளம்பி, விஜயநகரம் வழியாக, நாயக்கர் காலத்து மதுரைக்குப் பட்டு நெய்ய வந்த பாட்டன்மார் கையோடு கொண்டுவந்த சொத்து. புதிதாக வருகிற வாத்தியார் ஒவ்வொருவரும் பதிவேட்டைப் பார்த்து, "உனக்கென்னடா ரெண்டு இனிஷியல்?" என்று கேட்பார். பையன் விளக்குவான். "ஓகோ, தறிக்காரவுக வீட்டுப் பிள்ளையா?" என்பார். அத்துடன் அவனைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடும்.

இந்த "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வியைத்தான் நான் சொல்ல வந்தேன். மதுரையில் இது மரியாதையான கேள்வி. அன்பாகவும் கேட்பார்கள். ஆனால் பத்தாம் வகுப்பு முடிகிற சமயத்தில் அது ஜோசியக் கட்டம் மாதிரி ஆகிவிடும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளையா? வணிகம் எடு, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கெழுதலாம். காஜிமார் தெருவா? எதற்குக் குரூப், மாமா துபாயில்தானே இருக்கிறார். உசிலம்பட்டியா? உடம்பு இருக்கிறது, போலீசுக்குப் போ. கரிசல் காட்டு நாயக்கர் வீடா? சிவகாசிப் பக்கம் அச்சாபீஸ் இருக்கிறது, பட்டாசு இருக்கிறது. அக்கிரகாரத்துப் பையனா? அவனிடம் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவனுக்கே தெரியும் என்று எண்ணம். வண்டிப்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர் மகனிடமும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதற்குக் காரணம் வேறு.

வாத்தியார்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். பெரும்பாலானவர்கள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்தவர்கள்தாம். பிழைக்கிற வழி எது என்று யோசித்தார்கள். ஏற்கெனவே பிழைத்தவர்கள் போன வழிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அவர்களும் ஏதோ ஒரு தெருவில் பிறந்தவர்கள்தானே? போதாக்குறைக்கு, வாத்தியார் வேலைக்கே வேறு வழி இல்லாமல் வந்தவர்கள் அநேகம் பேர். வடக்கு வெளி வீதியில் இருக்கும் சேதுபதி பள்ளிக்கூடத்தில் 1904-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் தமிழ் வாத்தியாராக ஒருவர் சேர்ந்தார். அரசஞ்சண்முகனார் விடுமுறையில் போன இடத்துக்குத் தற்காலிக நியமனம். நவம்பரில் வேலை முடிந்தது. உடனே சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரனில் சேர்ந்துவிட்டார். அவர்தான் பாரதியார். மூன்று மாதச் சில்லறை நாட்கள் பாரதியாரிடம் தமிழ் படித்த பிள்ளைகள், மறுபடி பழைய வாத்தியார் வந்ததும் பெருமூச்சு விட்டார்களா, ஏங்கினார்களா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை என்றதும் இந்த ஊருக்கே ஞாபகம் வரவேண்டிய பெயர் ஒன்று உண்டு. தொகுளுவா மீனாட்சி ஐயங்கார் மகன் சௌந்தரராஜன். நாம் டி. எம். எஸ். என்கிறோம். முதல் எழுத்து வீட்டுப் பெயர்தான். 1922-ல் மதுரையில் பிறந்தார். ஏழு வயதிலிருந்து அவருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் சின்னக்கொண்டா சாரங்கபாணி பாகவதர். இவர் பெரிய சபாக்களில் கச்சேரி செய்துகொண்டிருந்த வித்வான் அல்ல. சௌராஷ்டிரா உயர்நிலைப் பள்ளியின் பாட்டு வாத்தியார். அப்புறம்தான் காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் சிட்சை, 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாட்டு, புகழ் எல்லாம்.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருப்பது குரல் அல்ல. குரல் பகவான் கொடுப்பது. உச்சரிப்பு யார் கொடுத்தது? வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்த ஒருவர், வல்லினம் மெல்லினம் பிசகாமல் பாடி, தமிழ்ப் பேச்சையே தொழிலாகக் கொண்ட நடிகர்களுக்கெல்லாம் திரையில் குரலாக நின்றார். தாய்மொழியை யாரும் கவனித்துப் பேசுவதில்லை. வாத்தியாரிடம் கற்றுக்கொண்ட மொழியைத்தான் மனிதன் கவனித்துப் பேசுகிறான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராமும் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளைதான், பட்டு ஜரிகை வியாபாரம் செய்தவர்தான். அவர் எழுதிய தமிழுக்கு 1993-ல் சாகித்ய அகாதமி பரிசு வந்தது. டி. எம். எஸ். 2013-ல் காலமானார். பத்து வருஷம் கழித்து, 2023-ல், மதுரை முனிச்சாலையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சாரங்கபாணி பாகவதருக்குச் சிலை இல்லை. பாட்டு வாத்தியார்களுக்குச் சிலை வைப்பது என்று ஆரம்பித்தால் வெண்கலம் போதாது என்பதும் உண்மைதான்.

வாத்தியார் காட்டுகிற வழியில் போகாமல் உருப்பட்டவர்களும் இந்த மண்ணில் உண்டு. திருப்பரங்குன்றம் போகும் வழியில் பிரிந்தால் விளாச்சேரி. இப்போது கொலு பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே 1870-ல் பிறந்தவர் சூரியநாராயண சாஸ்திரி. தகப்பனாரிடம் படித்தது வடமொழி. மதுரையில் சபாபதி முதலியாரிடம் தமிழ் படித்தார். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியதும், அங்கே தலைவராக இருந்த மில்லர் துரை தத்துவத் துறையில் வேலை தருகிறேன் என்றார். சம்பளமும் கௌரவமும் அதில்தான். சாஸ்திரியோ தமிழ்த் துறையில் இடம் கேட்டார். பேரையே பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டார். 1903-ல் முப்பத்து மூன்று வயதில் மறைந்தும் போனார். மில்லர் துரை சொன்னது தவறான யோசனை என்று சொல்லமுடியாது. ஆனால் மதுரையில் ஒரு முதலியார் முன்னமே காரியத்தை முடித்து அனுப்பியிருந்தார்; துரைக்கு அது தெரியாது.

தண்டனையும் வழி காட்டும். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்த பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு, பாடம் படிக்காததற்காக ஆங்கில இலக்கணத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லி 1896-ல் தண்டனை கிடைத்தது. எழுதிக்கொண்டிருந்தவன் பாதியில் காகிதத்தை வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறிவிட்டான். உலகம் அவரை ரமண மகரிஷி என்கிறது. இதை இலக்கண வாத்தியார்கள் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொண்டால் நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

வேடிக்கை போதும். மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி வரை போனால் இந்த விஷயத்தின் வேறொரு முகம் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் போட்ட சட்டத்தைப் பின்னால் பிரமலைக் கள்ளர்கள் மேல் சுமத்தினார்கள். ஊர்ச்சனம் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த குற்றத்துக்காக ரேகை வைக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் ராத்திரியில் போலீஸ் கணக்கில் படுத்து எழ வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண்மணியும் உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். அதற்குப் பிறகுதான் அந்த வட்டாரத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் பெருகின. சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ஒழிந்தது, பள்ளிக்கூடங்கள் நின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகளில் படித்து வக்கீலாக, டாக்டராக, வாத்தியாராக ஆனவர்கள் ஏராளம்.

சட்டத்தின் நோக்கம் எப்படியிருந்தாலும், அந்தப் பள்ளிகளில் வேலைக்குப் போன முதல் தலைமுறை வாத்தியார்களை நினைத்துப் பார்க்கிறேன். சர்க்கார் பதிவேட்டில் "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதற்கு எழுதியிருந்த பதில் ஒரே சொல்: குற்றவாளி. அந்தப் பதிலை ஒப்புக்கொண்டு பாடம் நடத்திய வாத்தியாரும் இருந்திருப்பார். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "எங்கே, ஆனா எழுது பார்ப்போம்" என்று சொன்னவரும் இருந்திருப்பார். இரண்டாமவர் இல்லாவிட்டால் மேலே சொன்ன டாக்டரும் வக்கீலும் இல்லை.

எங்கள் வகுப்பு உசிலம்பட்டிப் பையனிடம் வருகிறேன். அவன் படம் வரைவான். சாக்குக்கட்டியால் தரையில் ஜல்லிக்கட்டுக் காளை வரைந்தால் நாங்கள் மிதிக்கப் பயந்து சுற்றிப் போவோம். உடற்பயிற்சி வாத்தியார் அவன் தோளைத் தட்டி, "டேய், ஒனக்கு இருக்க ஒயரத்துக்குப் போலீசுதான்டா. படம் கிடம்னு கெடாதே" என்றார். அவன் அப்படியே செய்தான். கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் அழுவது சுலபம். ஆனால் சென்ற ஒரு திருவிழாவில் தல்லாகுளத்தில் கூட்டத்தை ஒழுங்குசெய்துகொண்டிருந்தவனைப் பார்த்தேன். தொப்பை விழுந்திருந்தது. "படம் போடுறியாடா?" என்று கேட்டேன். சிரித்தான். "அந்தச் சார் சொன்னதுதான் மாப்ள சோறு போடுது. ரெண்டு தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன்ல" என்றான். பிறகு யோசித்து, "விபத்துக் கேசுல எடத்தோட வரைபடம் நான்தான் போடுவேன். கோர்ட்டுல எல்லாரும் மெச்சுவாங்க" என்றான். உடற்பயிற்சி வாத்தியாரை நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த இருபத்தைந்து வருஷமும் அவன் அவருக்குத் தீபாவளிக்கு வேட்டி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். இருந்தாலும் அந்தக் காளையை நான் மறக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் பக்கத்துப் பெஞ்சுக்காரன் கதை வேறு. பந்தடித் தெரு ஒன்றில் வாடகை வீடு. வீட்டுக்குள் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா, மற்றொன்றில் அண்ணன். அம்மாவும் அக்காவும் சுங்குடிக்கு முடிச்சுப் போடுவார்கள். நகத்தால் துணியை ஒரு கடுகளவு கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டவேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். இவன் பள்ளிக்கூடம் வருமுன் விடியற்காலையில் தார் சுற்றி வைத்துவிட்டு வருவான். கணக்கில் புலி. நூலைக் குறுக்கும் நெடுக்கும் எண்ணிப் பழகிய கண்ணோ என்னவோ, நாங்கள் காகிதத்தில் பிடித்துத் தொங்கும் கணக்கை அவன் பார்த்த மாத்திரத்தில் சொல்வான். பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு.

கணக்கு வாத்தியார் சொன்ன யோசனை என்ன தெரியுமா? "வணிகம் எடுடா. ஒங்க ஆளுகளுக்கு அதுதான் லாயக்கு." அவருக்குச் சௌராஷ்டிரர் என்றால் எல்லாருக்கும் விளக்குத்தூணில் கடை இருக்கிறது என்று நினைப்பு.

எங்கள் தமிழய்யாவுக்கு இது தெரிந்தது. குள்ளமான மனிதர், கதர்ச் சட்டை, ஹெர்குலிஸ் சைக்கிள். கணக்குக்கும் அவருக்கும் ஜன்மப் பகை. அன்று சாயங்காலமே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பந்தடித் தெருவுக்குப் போனார். வழிகாட்ட நான் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த இரண்டு சௌராஷ்டிர வார்த்தைகளை எடுத்துவிட்டார். உள்ளே பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வார்த்தை தப்பா, உச்சரிப்பு தப்பா என்று அவன் இன்றைக்கும் சொல்ல மறுக்கிறான்.

"பையனை முதல் குரூப்பில் விடுங்கள்" என்றார் தமிழய்யா.

அவன் அப்பா தறிக்குழியிலிருந்து மேலே ஏறவில்லை. நாடாவை ஒரு தடவை ஓட்டிவிட்டுச் சொன்னார்: "அய்யா சொன்னா சரியாத்தான் இருக்கும். அந்தக் குரூப்புக்குக் காலையும் மாலையும் தனி வகுப்பு வைப்பாங்கன்னு சொல்றாங்க. தாரு யாரு சுத்துறது? தாரு இல்லேன்னா ரெண்டு தறியும் நிக்கும். தறி நின்னா வாடகை நிக்காதே அய்யா."

தமிழய்யாவிடம் இதற்குப் பதில் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். வருகிற வழியில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. படிப்பின் பெருமையைப் பற்றிப் பேச அவருக்கு இருநூறு மேற்கோள் தெரியும். ஒன்றையும் அந்தத் திண்ணையில் சொல்லாததற்காகத்தான் அவர் மேல் எனக்கு மரியாதை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனார். இந்தத் தடவை யோசனையோடு போனார். காலை ஏழு மணி வரை பையன் தார் சுற்றட்டும். காலை வகுப்புக்கு வராமலிருக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கியாயிற்று. விட்டுப்போகிற பாடத்தைக் கணக்கு வாத்தியார் ராத்திரி தம் வீட்டில் வைத்துச் சொல்லித் தருவார், காசு வேண்டாம். கணக்கு வாத்தியாரை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பது தமிழய்யாவுக்கும் அவருக்கும் தெரிந்த ரகசியம். முதல் ஒரு மாதம் கணக்கு வாத்தியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாராம். பிறகு பையனின் வேகத்தைக் கண்டு அவருக்கே ருசி தட்டிவிட்டது. தூக்கம் வருகிறதென்று பையன் கெஞ்சினாலும் விடமாட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும், "நான் அப்பவே சொன்னேன், இவன் கணக்குல வருவான்னு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தமிழய்யா மறுக்கவில்லை.

இஞ்சினியரிங் கல்லூரிக்குப் பணம் இல்லை. பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தான். நூற்பாலையில் சில காலம் இயந்திரம் பார்த்தான். இப்போது கப்பலூர் தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறான். ஆலை இயந்திரங்களுக்கு உதிரிச் சாமான் கடைந்து கொடுக்கிறான். ஒன்பது பேருக்குச் சம்பளம். பெரிய மனிதன் என்று சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் தறி நின்றுபோன வருஷம் குடும்பத்தில் யாரும் கடன்காரன் முன்னால் போய் நிற்கவில்லை.

என் சமாசாரமும் கேட்பீர்கள். நான் பதினொன்றாம் வகுப்பில் ஒரு கதை எழுதித் தமிழய்யாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாயிருக்கு. டைப்படிக்கக் கத்துக்கிட்டியா?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. "கதை எழுதறவனுக்கு ரெண்டு வேளையும் பசிக்கும்டா. போய் லோயர் முடி" என்றார். முடித்தேன், ஹையரும் முடித்தேன். என் அப்பா கீழமாசி வீதியில் பலசரக்கு மண்டிக் கணக்குப்பிள்ளை. அவர் படுக்கையில் விழுந்தபோது கல்லூரிப் படிப்பை இரண்டாவது வருஷத்தோடு விட்டுவிட்டு, ஜில்லாக் கோர்ட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் மனு டைப்படிக்க உட்கார்ந்தேன். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், வரப்புத் தகராறு. மனுக்காரர்கள் எதிரே குந்தி உட்கார்ந்து தங்கள் கதையை முதலிலிருந்து சொல்லுவார்கள். வக்கீலுக்கு வேண்டியது நாலு வரி. மிச்சமெல்லாம் எனக்கு. என் முதல் இரண்டு நாவல்களும் அந்த மிச்சந்தான். தமிழய்யா இதையெல்லாம் யோசித்துத்தான் டைப்படிக்கச் சொன்னாரா என்றால், இல்லை. பசியைத்தான் யோசித்தார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு பாக்கியம் உண்டு. மிஷனைச் சேர்ந்த கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948-லேயே பெண்களுக்கென்று லேடி டோக் கல்லூரியை ஏற்படுத்தினார். கல்லூரி வாசல் திறந்திருந்தாலும் வீட்டு வாசலைத் திறக்க டீச்சர் வேண்டியிருந்தது. காஜிமார் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூத்த பெண்ணை எட்டாவதோடு நிறுத்தினார்கள். இளையவளை நிறுத்தப் பார்த்தபோது, கணக்கு டீச்சர் நோன்புப் பெருநாள் அன்று பிரியாணி சாப்பிட வந்தவர், கை கழுவுமுன் பெண்ணின் பெற்றோரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனார். மூத்தவள் இன்றும் அந்த டீச்சரைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு சிறு கசப்பு தட்டும். எனக்கு ஏன் அவர் வரவில்லை என்கிற கசப்பு.

வாத்தியாரின் கை எட்டாத இடமும் ஒன்றுண்டு. ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளைகள். 2021-லிருந்து மறுவாழ்வு முகாம் என்று பெயர். இங்கேயே பிறந்து, இங்கேயே அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். எங்கள் வகுப்பிலாவது நாலு மொழி. இவர்களுக்கு மொழியும் தமிழ்தான். ஆனால் குடியுரிமை இல்லாததால் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போட முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற நண்பர் ஒருவர் சொன்னார்: "மற்ற பிள்ளைங்ககிட்ட, நல்லாப் படி, கலெக்டர் ஆகலாம்னு சொல்லிட்டுத் திரும்புறேன். இவன் முதல் பெஞ்சுல உக்காந்து என்னையே பார்க்கிறான். வகுப்புல முதல் மார்க்கு அவன்தான். என்ன சொல்ல?" இப்போது அவர் கலெக்டர் என்ற வார்த்தையை எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லையாம்.

சர்க்கார் இப்போது இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2022-ல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. உயர்கல்விக்கும் தொழிலுக்கும் வழிகாட்டுவது பள்ளிக்கூடத்தின் வேலையில் சேர்ந்துவிட்டது. தாழ்வாரத்துச் சிபாரிசை விட இது எவ்வளவோ மேல். ஆனால் எந்தத் திட்டத்தையும் கடைசியில் பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறவர் ஒரு வாத்தியார்தான். அவர் மனசுக்குள் எந்தக் கேள்வி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது மிச்சம்.

சென்ற வருஷம் செக்கானூரணிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் இலக்கிய மன்ற விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரு டீச்சர் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். தகப்பன் தொழில், ஜாதி, தெரு ஒன்றும் அதில் இல்லை. வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விகளை மட்டும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். "கிணத்துல தண்ணி ஏன் உப்பாச்சு?" "கோர்ட்டுல பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" "முட்டைக்கு யாரு விலை வைக்கிறது?" குரூப் எடுக்கிற சமயத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பிள்ளையின் முன்னால் வைத்துவிடுவாராம். சில பக்கங்கள் காலியாகவும் இருந்தன. "இவங்ககிட்டே நான்தான் பேச்சுக் கொடுக்கணும்" என்றார்.

நான் பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஒரு பெண் எழுந்தாள். மெலிந்த உருவம், எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைச் சடை. "சார், கதை எழுதினா மாசம் எவ்வளவு வரும்?"

தலைமையாசிரியர் அவளை அதட்டப் போனார். நான் கையமர்த்திவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன். மாதம் என்று கணக்கில்லை, வருஷத்துக்கு இவ்வளவு, அதுவும் நிச்சயமில்லை என்று.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கூட வேற வேலையும் பாக்கணும்" என்றாள், என்னிடம் அல்ல, தனக்குத்தானே.

டீச்சர் நோட்டைப் பிரித்து அவளுடைய பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.